கேமரா என்றால் அறை

'கேமரா' ஆங்கிலேயர் உண்டாக்கிய சொல் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் போகிற போக்கில் வருகிறது. அது சரியில்லை. லத்தீனில் கமரா என்றால் வளைந்த கூரை. அதுவும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். பிறகு அறை என்று பொருள் மாறியது. பிரெஞ்சில் ஷாம்ப்ர், ஜெர்மனில் காமர், ஆங்கிலத்தில் சேம்பர் எல்லாம் இதன் பிள்ளைகள். இத்தாலியில் ஓட்டலில் 'கமரா' கேட்டால் இன்றும் அறைச் சாவிதான் தருவார்கள்! ரஷ்ய மொழியிலோ கமேரா என்பது சிறைக் கொட்டடியும்தான்.

அப்புறம் எப்படிப் படம் பிடிக்கும் கருவி ஆனது? சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக விழும் இருட்டறைக்கு 'கமரா அப்ஸ்கூரா' என்று பெயர். 1604இல் வானியல் அறிஞர் கெப்ளர் இந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். புகைப்படக்கலை வந்தபோது 'இருட்டு' உதிர்ந்துபோய் 'அறை' மட்டும் நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது காம்ரேட். ஸ்பானிய மொழியில் கமராதா என்றால் ஒரே அறையில் தங்குபவர். நம் தோழர்கள் மேடையில் முழங்குவது 'ரூம்மேட்'டைத்தான்!

பழைய தஞ்சாவூர் வீடுகளில் 'காமிரா உள்' என்று ஓர் அறை இருக்குமே, நினைவிருக்கிறதா? போர்த்துகீசியரின் காமராதான் அது. சிங்களக் காமரயவும், இந்திக் கம்ராவும் அப்படியே.