தடிமனோடு தயிரா?

மார்கழி மழை விடாமல் பெய்த ஒரு கிழமை, என் மகனுக்குத் தடிமன். அதற்கு இரண்டு நாள் முன்னர் எங்கள் திருகோணமலையின் உள்துறைமுக வீதிப் பக்கம் போய் ஐஸ்கிறீம் குடித்திருந்தான். அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

முதலில் தயிரை நிறுத்தினார். அப்புறம் வாழைப்பழம், இளநீர், பால். மூன்றாம் நாள் பார்த்தால் பிள்ளை விசுக்கோத்திலும் பிளேன்ரீயிலும் மட்டும் உயிர் வாழ்கிறான். "கொஞ்சம் தயிர்ச்சோறு குடுப்பமே அம்மா" என்றேன். "தடிமனோட தயிரா? உனக்கென்ன விசரா? நெஞ்சில சளி கட்டப்போகுது!"

தடிமனைக் கொண்டுவருவது ஐஸ்கிறீம் அல்ல, வைரசு. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை மூக்கைத் துடைத்த கையால் பென்சிலை நீட்டினாலே போதும். வந்தால் பொதுவாக 7 முதல் 10 நாளில் தானாகப் போகும். அதைத் துரத்துகிற சாப்பாடு எதுவும் இல்லை. அந்த நாட்களை ஓரளவு சுகமாகக் கடக்க வைக்கிற சாப்பாடு இருக்கிறது, அவ்வளவுதான்.

பால் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1990இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், 60 பேருக்கு வேண்டுமென்றே தடிமன் வைரசைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலைக் கணக்கெடுத்து, வடிந்த சளியை நிறுத்தே பார்த்தார்கள் (அந்த வேலையைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு). பால் கூடக் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் தடிப்பாக நிற்கிறது. அதைத்தான் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். தம்பலகாமத்துச் சட்டித் தயிருக்கு நாம் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல.

ஆனால் அம்மாவின் கொத்தமல்லிக்கு நான் எதிரியில்லை. மல்லியை வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, பாதியாக வற்றக் காய்ச்சி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் தொண்டைக்கு இதம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிற ஊரில் பிறந்துவிட்டுப் பச்சைத்தண்ணி குடிக்கிறதா என்று கேட்பார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. 2008இல் பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 30 பேருக்கு ஒரே பழரசத்தைச் சூடாகவும் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கு வடிதல், இருமல், தும்மலுக்கு இரண்டுமே ஆறுதல் தந்தன. தொண்டை நோவு, குளிர், களைப்பு குறைந்தது சூடாகக் குடித்தவர்களுக்கு மட்டும். உள்ளியும் மிளகும் போட்ட ரசம், கோழிச் சூப் எல்லாம் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. தொண்டை புண்ணாக இருந்தால் மிளகைக் குறையுங்கள், எரியும்.

பழம் வாங்குகிறவர்கள் விலை கூடிய தோடம்பழத்துக்கு ஓடவேண்டாம். அதைவிடக் கொய்யாவில் விற்றமின் சி ஏறக்குறைய நான்கு மடங்கு. தடிமன் வந்த பிறகு சாப்பிட்டு அது சீக்கிரம் மாறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இரண்டு விஷயத்தில். ஒன்று, ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது. பெரிய பிள்ளைகளின் இருமலுக்குத் தேன் நல்லதுதான், ஆனால் கைக்குழந்தையின் குடலில் தேனிலுள்ள கிருமி வித்து முளைத்து நஞ்சாகலாம். மற்றது, நனைந்து வந்த ஆம்பிளைகளின் பிரண்டி. உடம்பு சூடாவதுபோல் இருக்கும், உண்மையில் தோல்வழியாகச் சூடு வெளியே போகிறது. மேலே இரண்டு பெனடோலும் போட்டால் ஈரலுக்குத்தான் தண்டனை.

காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் கொத்தமல்லியை நம்பி இருக்காதீர்கள். மழைக்குப் பிறகு இங்கே டெங்கு. சந்தேகம் வந்தாலே சிவப்பு, மண்ணிறப் பானங்களை நிறுத்துங்கள். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று வைத்தியருக்குத் தெரியாது.

மகன் அன்று மத்தியானம், அம்மா குளிக்கப் போன நேரத்தில், இரண்டு அகப்பை தயிர்ச்சோறு சாப்பிட்டான். ஐந்தாம் நாள் பந்தடிக்கப் போனான். இன்று காலையிலிருந்து எனக்கு மூக்கு ஒழுகுகிறது. குசினியில் மல்லி வறுபடும் வாசம் வருகிறது. தயிர்ச் சட்டியைக் காணவில்லை.