வீட்டு வரியில் 5 சதவீதம் குறைத்தால் மொட்டை மாடிக்கு சோலார் வந்துவிடுமா?

எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே விவாதம். சோலார் போடுகிறவர்களுக்கு நகராட்சி வீட்டு வரியில் தள்ளுபடி கொடுக்க வேண்டுமாம். புனேயில் கொடுக்கிறார்கள், இங்கே ஏன் கொடுக்கக் கூடாது என்று கவுன்சிலரையும் டேக் பண்ணிக் கேட்டாகிவிட்டது. அவர் கைகூப்பும் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். தள்ளுபடி கொடுக்கட்டும், எனக்கொன்றும் ஆட்சேபனை இல்லை. ஆனால் அதனால் ஒரு பேனல்கூடக் கூடுதலாக ஏறாது என்பதுதான் என் கட்சி. குழுவில் எழுதினால் நடுவில் யாராவது குட்மார்னிங் போட்டுவிடுகிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

புனே கதையை முதலில் பார்த்துவிடலாம். அங்கே மாநகராட்சி சோலார், மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒன்று இருந்தால் சொத்து வரியில் 5 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் கழிவு. அந்த ஊர் அபார்ட்மென்ட் வரிக்கு அது கணிசமான காசு. எங்கள் ஊரில் ஆயிரம் சதுர அடி தார்சு வீட்டுக்கு அரையாண்டு வரி ஆயிரத்துச் சொச்சம். அதில் 5 சதவீதம் என்றால் ரெண்டு பேர் போய் டீயும் பஜ்ஜியும் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே அரையாண்டின் முதல் மாதத்துக்குள் வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அந்த ஐம்பது அறுபதுக்காக ஏப்ரல் மாதம் ஓடிப் போய்க் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? அதே அறுபது ரூபாய்க்கு ஒருவர் ரெண்டு லட்ச ரூபாய் செலவில் பேனல் போடுவார் என்று நம்புவதற்குத் தனி மனசு வேண்டும்.

மாநில அரசுக்கும் இந்த யோசனை புதிதல்ல. 2019-ல் வந்த தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கையிலேயே உள்ளாட்சிகள் சொத்து வரிச் சலுகை தருவதை ஊக்குவிப்போம் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்கு முன்னால் 2012 கொள்கையில் இன்னும் தாராளம். வீட்டுக்கூரையில் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு முதல் இரண்டு வருஷம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருஷம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருஷம் 50 பைசா என்று ஊக்கத்தொகை. இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இப்போது மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம் ஊர் வெயிலுக்கு 3 கிலோவாட் ரெண்டு மாசத்தில் 700 யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். ரெண்டு ஏசி, வாட்டர் ஹீட்டர் என்று ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் ஓடுகிற வீட்டில் பில் ஏறக்குறைய 7,000 ரூபாய் வரும். பேனல் போட்டபின் அது சில நூறுகளுக்கு இறங்கிவிடும். கையிலிருந்து போட்ட காசு நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடுகிறது. அந்த வீட்டுக்காரருக்கு நகராட்சி தனியாக எதுவும் கொடுக்கத் தேவையில்லை, அவரே போட்டுக்கொள்வார்.

ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட் ஓடுகிற வீடு இருக்கிறதே, அதுதான் எங்கள் ஊரில் முக்கால்வாசித் தெரு. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு மானிய விலை. பில் 500 ரூபாயைத் தொடாது. அவர்கள் ஒரு கிலோவாட் போட்டால், மானியம் போக நாற்பதாயிரம் சொச்சம் கைக்காசு, அது திரும்ப வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். எந்தக் கணக்குப்பிள்ளையும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆக, வீட்டு வரியில் தள்ளுபடி என்றால் ஏற்கெனவே லாபத்தில் இருக்கிற ஏசி வீட்டுக்காரருக்கு நகராட்சிப் பணத்தில் ஒரு மாலை. அந்த வரிப்பணம் சாக்கடை அடைப்பு எடுக்கிற பணம் என்பதை மறந்துவிட வேண்டாம். இதைச் சொன்னதற்கு ஒருவர் என்னை வளர்ச்சிக்கு எதிரி என்றார். இருந்துவிட்டுப் போகிறேன்.

அப்படியானால் உள்ளாட்சிக்கு இதில் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. எதுவும் தள்ளுபடி அல்ல.

எங்கள் தெருவில் ஒரு அத்தை. மகன் வெளியூரில் வேலை, இவர் தனியாக இருக்கிறார், கீழே தையல் யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதே இணைப்பில் ஓடுவதால் பில் எகிறுகிறது. மாடி நல்ல அகலம், நிழல் கிடையாது. தெற்குப் பார்த்து மூணு கிலோவாட் தாராளமாக உட்காரும், பேனலை உயர்த்தி நிறுத்தினால் கீழே வடகம் காயப் போடவும் இடம் இருக்கும். பேனல் கம்பெனிக்காரப் பையன் வந்து டேப் வைத்து அளந்துவிட்டு, ஈபி அட்டையைப் பார்த்தான். பெயர் அத்தையின் மாமனாருடையது. அவர் காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆதார், பேங்க் பாஸ்புக், ஈபி கனெக்‌ஷன் மூணும் ஒரே பேரில் இருந்தால்தான் மானியம் ஒழுங்காக வரும், முதலில் பேரை மாத்துங்க என்றான்.

பேர் மாற்றப் போனால், வரி ரசீது உங்கள் பேரில் கொண்டு வாங்க என்றார்கள். வரி ரசீது இறந்துபோன மாமா, அதாவது அத்தையின் கணவர் பேரில். அதை மாற்ற நகராட்சிக்குப் போனால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், மற்ற வாரிசுகளின் சம்மதம். பத்திரமோ மாமனார் பேரில் இருக்கிறது, மற்ற வாரிசு என்றால் ஓசூரில் இருக்கும் நாத்தனார். அங்கேதான் கதை முடிந்தது. அத்தை என்னிடம் சொன்னார், "பேனலுக்குன்னு நான் போய் கையெழுத்துக் கேட்டா, சொத்தப் பிரிக்கப் பாக்கறேன்னு நெனச்சுக்குவாங்க கண்ணு. கரண்டு பில்லு வந்தா கட்டிக்கறேன், நாத்தனார் உறவு போனா எங்க போய் வாங்கறது?"

இவருக்கு வரியில் 5 சதவீதம் அல்ல, 50 சதவீதமே தள்ளுபடி கொடுத்தாலும் என்ன ஆகப் போகிறது?

தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான் இருக்கிறது. ஈபி தாத்தா பேரில், வரி அப்பா பேரில், குடியிருப்பது பேரன். இந்த முடிச்சின் நடுக்கண்ணி வீட்டு வரிப் புத்தகம், அது நகராட்சியின் கையில். 2023-ல் மின்வாரியம் பெயர் மாற்றத்துக்கென்று சிறப்பு முகாம் நடத்தியது. அதே மாதிரி வார்டுக்கு வார்டு நகராட்சியும் மின்வாரியமும் விஏஓவும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பேர் மாற்றிக் கொடுக்கட்டும். வாரிசுகளுக்குள் தகராறு இல்லாத வீட்டில், சோலார் இணைப்புக்கு மட்டும் அனுபவத்தில் இருப்பவரின் உறுதிமொழி போதும், அதனால் சொத்தில் எந்த உரிமையும் கூடவோ குறையவோ செய்யாது என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அத்தை நாத்தனாரிடம் கையெழுத்தே கேட்க வேண்டியிருந்திருக்காது. ஒரு பந்தல், நாலு நாற்காலி, ஒரு ஜெராக்ஸ் மெஷின். எந்த ஊக்கத்தொகையைவிடவும் இது மலிவு.

காசு எங்கே என்று கேட்பார்கள். இருக்கிறது. சூர்ய கர் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி. அதில் உள்ளாட்சிகளுக்கென்றே 1,000 கோடி தனியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ, அதன் எல்லைக்குள் அந்தத் திட்டத்தில் பேனல் ஏறும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் மானியத்தில் கை வைக்காமல், இது தனி. ஐந்நூறு வீடு என்றால் ஐந்து லட்சம், முகாம் நடத்திவிட்டு மிச்சமும் இருக்கும். இந்த ஆயிரம் ரூபாயைப் பற்றி நான் கேட்ட எந்த வார்டு உறுப்பினருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும், அது வீட்டுக்காரருக்கா எங்களுக்கா என்று ஆர்வமாகக் கேட்டார். உங்களுக்கில்லை அண்ணா, ஆபீசுக்கு என்றதும் பேச்சு மழை பக்கம் போய்விட்டது.

ஊராட்சிகளுக்கு இன்னொன்றும் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரியக் கிராமம். 5,000 பேருக்கு மேல் இருக்கும் வருவாய்க் கிராமங்களுக்குள் ஆறு மாதம் போட்டி, அதன் முடிவில் அதிகமாகப் புதுப்பிக்கத்தக்க மின்திறன் நிறுவியிருக்கும் கிராமத்துக்கு 1 கோடி ரூபாய். போட்டி வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஏற்கெனவே வசதியான கிராமம்தான் ஜெயிக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து, கடன். பேங்கில் குறைந்த வட்டிக்கு, பிணையில்லாமல் சோலார் கடன் கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் சிபில் ஸ்கோர் இல்லாத பெரியவர்கள், வருமானத்துக்குத் தாள் காட்ட முடியாத கடைக்காரர்கள் அங்கே போய் நிற்க முடியாது. இன்னும் பத்து வருஷம் இந்த வீட்டில் இருப்போமா என்று தெரியாதவர்களும் கடன் வாங்க யோசிப்பார்கள். கடன் ஆளின் தலையில் இருக்கிறது, பேனலோ வீட்டின் தலையில் இருக்கிறது. வீட்டை விற்றால் பேனல் போய்விடும், கடன் கூடவே வரும்.

அமெரிக்காவில் பெர்க்லி நகராட்சி 2008-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. நகராட்சியே பேனலுக்குப் பணம் ஏற்பாடு செய்யும், வீட்டுக்காரர் அதை 20 வருஷத்தில் வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். வீடு கை மாறினால் தவணையும் வாங்கியவருக்குப் போகும். பல ஊர்கள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டன. பிறகு 2010-ல் வீட்டுக்கடன் கொடுக்கிற தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்து வீடுகளுக்கான திட்டம் பல இடங்களில் நின்றது. வரி பாக்கி என்றால் வீட்டுக்கடனுக்கு முன்னால் நகராட்சிதான் வசூலிக்கும், அது வங்கிக்குப் பிடிக்குமா? நாம் செய்தாலும் அந்தச் சிக்கல் வரும், வரம்பு வைத்துத்தான் செய்ய வேண்டும்.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வந்த சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் தொட்டி கட்டவில்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நகராட்சியே கட்டலாம், செலவைச் சொத்து வரி வசூலிக்கிற மாதிரியே வசூலிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. பெர்க்லிக்கு ஐந்து வருஷம் முன்பே நம் நகராட்சிச் சட்டத்தில் அந்தக் கருவி உட்கார்ந்திருக்கிறது, தண்டனையாக. அதையே விரும்பிக் கேட்கிறவருக்குத் தவணை வசதியாக மாற்றிக் கொடுக்க ஒரு சட்டத் திருத்தம்தான் தேவை. (கட்டாயம் வேண்டாம் என்பதற்கும் அதே 2003 தான் சாட்சி. குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயத்தில் மாடியிலிருந்து குழாயை இறக்கி, கீழே தொட்டியே இல்லாமல் மண்ணில் நட்டுவைத்த வீடுகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.)

ஊரே சேர்ந்து தூக்கிவிட்ட கதையும் உண்டு. ஜெர்மனியில் ஆகன் என்ற நகரம், 1995-லேயே கூரை சோலார்க்காரர்களுக்கு யூனிட்டுக்குச் சுமார் 2 மார்க் (ஜெர்மனியின் அன்றைய நாணயம்) கொடுத்தது, செலவு முழுக்கத் திரும்புகிற விலை. அதற்கான பணத்தை ஊரார் எல்லாருடைய மின்கட்டணத்திலும் ஒரு சதவீதத்துக்கு மிகாமல் ஏற்றி எடுத்தார்கள். 2000-ல் ஜெர்மனி முழுக்க இதே மாதிரி விலை கொடுக்க வந்த சட்டத்துக்கு இது ஒரு முன்மாதிரி. நம் ஊரில் மின்கட்டணம் நகராட்சியின் கையில் இல்லை, அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நகர மன்றம் நாட்டின் சட்டத்தையே இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

கடைசியாக, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். உள்ளாட்சிகளின் கரண்ட் பில்லில் பெரிய பங்கு குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும்தான். பல ஊராட்சிகளில் அது பாக்கியாகவே கிடக்கும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி இதைத்தான் முதலில் கையில் எடுத்தது. தலைவராக இருந்த சண்முகம் காலத்தில், 2006-ல், ஊராட்சியே 1 கோடியே 55 லட்சத்தில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலை பக்கம் மைவாடியில் நிறுவியது. 40 லட்சம் ஊராட்சிப் பணம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஊருக்குத் தேவையானது போக மிச்ச மின்சாரம் வாரியத்துக்கு விற்பனை. மானியத்துக்குக் கையேந்தி நிற்காமல் ஒரு ஊராட்சி கடன் வாங்கி மின்சார முதலாளி ஆனது.

எங்கள் நகராட்சி ஆபீஸ் மாடியில் இன்றைக்கு என்ன இருக்கிறது தெரியுமா? கால் உடைந்த நாற்காலிகள், பழைய தேர்தல் தட்டிகள், காலி பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். பஸ் ஸ்டாண்டு கூரை, சமுதாயக் கூடம், மேல்நிலைத் தொட்டி வளாகம் என்று நிழல் விழாத இடம் அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே பேனல் ஏறினால் முதல் பலன் தண்ணீர் பில்லில் தெரியும். ஏசி இல்லாத 250 யூனிட் வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு உண்டு, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. தள்ளுபடியில் அவர்கள் இருவருக்கும் ஒரு பைசா கிடையாது.

இன்னொன்று, சாதாரண சோலார் இணைப்பில் கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடும், லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. கம்பெனிக்காரர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. பேனல் போட்ட வீட்டுக்காரர்கள் முதல் பவர்கட்டில் அவர்களிடம் சண்டைக்குப் போகிறார்கள். முகாம் பந்தலில் இதையும் ஒரு போர்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போகிறவர்கள் இந்த ரெண்டைக் கேளுங்கள். நம் எல்லைக்குள் இதுவரை எத்தனை வீட்டில் சூர்ய கர் பேனல் ஏறியிருக்கிறது, அதற்கான தலா ஆயிரம் ரூபாய் எந்தக் கணக்கில் வரவாகியிருக்கிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கே கமென்ட்டில் போடுங்கள்.