75 வயதானால் வரியே இல்லையா?

ஒருவர் 'ரிட்டயர் ஆன உடனே வரி விலக்கு வரம்பு ஏறிவிடும், 75 தாண்டினால் வரியே கிடையாது' என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

வருமான வரி பார்ப்பது வயதை, ஓய்வை அல்ல. 58ல் ஓய்வு பெற்றவருக்கு 60 வரை எல்லாரையும் போலத்தான். வரி கணக்கிட பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. பழைய முறையில் 60 ஆனதும் அடிப்படை விலக்கு (வரியே இல்லாத வருமான அளவு) 2.5 லட்சத்திலிருந்து 3 லட்சம், 80ல் 5 லட்சம். அந்த நிதியாண்டுக்குள் (ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை) 60 நிறைந்தால் போதும், முழு ஆண்டுக்கும் செல்லும். ஏப்ரல் 1ல் பிறந்தவர்கள்கூட முந்தைய நாளே, அதாவது மார்ச் 31லேயே, வயது நிறைந்தவர்கள் என்று 2016ல் மத்திய நேரடி வரி வாரியம் தெளிவுபடுத்திவிட்டது. ஒரு நாளில் ஒரு வருஷச் சலுகை!

புதிய முறையில் இந்த வயது வித்தியாசமே இல்லை. 2025-26க்கு எல்லாருக்கும் 4 லட்சம்தான். சீனியர்களின் வட்டி வருமானத்தில் 50,000 ரூபாய் வரை தரும் கழிவும் பழைய முறையில்தான் கிடைக்கும்.

சரி, 75க்கு வருவோம். பென்ஷனும், அதே வங்கியில் வரும் வட்டியும் மட்டுமே வருமானம் என்றால், வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட்டு ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போடாமல் இருக்கலாம். வரியை வங்கியே கணக்கிட்டுப் பிடித்துவிடும். வீட்டு வாடகையோ வேறு வங்கியில் டெபாசிட்டோ இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இந்த நிபந்தனை மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.