ரெட்டக்குழல்ல எத்தனை தோட்டா?

நேத்துலேர்ந்து இன்பாக்ஸ்ல வந்து சண்டை போடுறவங்க எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதிடுறேன். கானாடுகாத்தான் வீட்டுல எடுத்தாங்களே அந்த வெப் சீரிஸ், அதோட ஆறாவது எபிசோடு பத்தி ரெண்டு வரி போட்டதுக்கு "உனக்கு வேற வேலையே இல்லையா"ன்னு ஆரம்பிச்சு என்னென்னமோ பேசிட்டீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ரெட்டக்குழல் துப்பாக்கில எத்தனை தோட்டா போட முடியும்? ரெண்டு. குழலுக்கு ஒண்ணு. பேர்லயே இருக்கு. அந்த வாட்ச்மேன் முகப்புலேர்ந்து வளவு (நடு முற்றம்) தாண்டி ஓடிக்கிட்டே ஏழு தடவை சுடுறாரு, நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பாத்தேன், நடுவுல ஒருவாட்டி கூட குழலை மடக்கி தோட்டா மாத்தல, ஆனா முன்பிடிய இழுத்துத் தள்ளித் தோட்டா ஏத்துற பம்ப் ஆக்‌ஷன்னு வேற வகைத் துப்பாக்கியோட "சடக் சடக்" சத்தத்தை மட்டும் ஒட்டி வச்சிருக்காங்க.

ஆத்தங்குடி கல்லு, பர்மா தேக்குத் தூணு, பழைய எனாமல் தூக்குச்சட்டி வரைக்கும் தேடிப் பிடிச்சு வச்சவங்களுக்கு துப்பாக்கிக்கு மட்டும் யாரையாவது கேக்கணும்னு தோணல பாருங்க. அதான் கோவம்.

எங்கப்பா பட்டாளத்துலேர்ந்து வந்து காரைக்குடில ஒரு பேங்க் வாசல்ல 17 வருஷம் சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோட நின்னவுக. 12 போர் ரெட்டக்குழல். ஞாயித்துக்கிழமை காலைல திண்ணைல பழைய போர்வைய விரிச்சு, குழலை மடக்கி, குழலுக்குள்ள விட்டுத் துடைக்கிற புல்த்ரூ கயித்துல எண்ணெ தொட்ட துணியக் கட்டி இழுப்பாக. அப்புறம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி என்னையும் பாக்கச் சொல்லுவாக, உள்ள கண்ணாடி வளையல் மாதிரி மின்னும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாப் பிரிச்சா ஒரு உருண்டை என்ன தடிமனோ அதுதான் அந்தக் குழலோட அளவு, அதான் 12 போர்னு சொல்லிக் குடுத்தது அவுகதான். துடைச்சு முடிச்ச துப்பாக்கியக்கூட மடக்குன வாக்குலதான் அடுத்தவங்க கையில குடுப்பாக, அப்பத்தான் உள்ள தோட்டா இல்லன்னு கண்ணுக்குத் தெரியும். சீரிஸ்ல அந்த வாட்ச்மேன் தோட்டா போட்ட துப்பாக்கிய தூண்ல சாத்தி வச்சு, குழல் வாயில தொப்பிய மாட்டிட்டு குறட்டை விடுறாரு. அது உங்களுக்கு காமெடி.

"சினிமால பாட்டு மட்டும் நிஜமா"ன்னு ஒரு தம்பி கேக்குறாரு. பாட்டை யாரும் நிஜம்னு சொல்லி விக்கல தம்பி. இது உண்மைச் சம்பவம்னு கார்டு போட்டுத்தான் ஆரம்பிக்குது. பட்ஜெட்னு சொல்றவங்களுக்கு, குழலை மடக்க காசு வேணாம், மூணு செகண்ட் போதும். ரெண்டு தோட்டா தீந்துபோச்சு, இருட்டுல கை நடுங்க அடுத்த ரெண்டைத் தேடுறாருன்னு காட்டியிருந்தா சீன் எங்கயோ போயிருக்கும். சரியாக் காட்டினா சின்னப் பசங்க கத்துக்குவாங்கன்னு ஒருத்தர், அதுல ஞாயம் இருக்கு, ஆனா தப்பாக் காட்டினா மட்டும் கத்துக்க மாட்டாங்களா?

இன்ஸ்பெக்டர் ரிவால்வர்ல சைலன்சர் மாட்டுறாரு. ரிவால்வர்ல தோட்டா இருக்குற உருளைக்கும் குழலுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, சத்தம் அது வழியா வெளிய வந்துரும், அந்த இடைவெளிய அடைக்கிற ரஷ்யாவோட நாகான்ட் ரிவால்வர் மாதிரி ஒண்ணு ரெண்டுதான் விதிவிலக்கு. தோள்ல குண்டு வாங்கின ஹீரோ துண்டைக் கட்டிக்கிட்டு நாலு பேரை அடிக்கிறாரு. 1967 ஜனவரி 12 ராமாவரத்துல எம்.ஜி.ஆர் கழுத்துல பாஞ்சது ஒரே ஒரு குண்டு, அதுக்கப்புறம் அந்தக் குரல் திரும்பவே இல்ல, தமிழ்நாடே காதால கேட்டுச்சு.

"பொம்மைத் துப்பாக்கிக்கு எதுக்கு இவ்ளோ"ன்னா, 1993ல அமெரிக்கால ஷூட்டிங் நடந்துக்கிட்டு இருக்கும்போதே நடிகர் பிராண்டன் லீ, புரூஸ் லீயோட மகன், குண்டு பட்டு செத்துப்போனாரு. குழலுக்குள்ள சிக்கியிருந்த குண்டை யாரும் பாக்கல, சத்தத்துக்காகச் சுடுற, குண்டில்லாத வெத்து வேட்டு அதைத் தள்ளிருச்சு. 2021ல ஹலினா ஹட்சின்ஸ்னு ஒரு கேமராக்காரம்மாவும் அப்படித்தான் ஷூட்டிங்ல குண்டு பட்டு செத்தாங்க. அங்கயும் துப்பாக்கிக்குள்ள என்ன இருக்குன்னு சரியா பாக்கல. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பாத்தாக.

ஹீரோ ரெண்டாங்கட்டுல பூட்டின ரூமுக்குள்ள சுட்டுட்டு அடுத்த நிமிஷமே கதாநாயகிகிட்ட குசுகுசுன்னு பேசுறாரே, துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும்ங்க. பட்டாளத்துல ரேஞ்சுல சுட்டுச் சுட்டு அப்பாவுக்கு இடது காது போச்சு, வலது தோள்ல வச்சு சுடும்போது இடது காதுதான் குழல் வாய்க்குக் கிட்ட இருக்கும். அந்தக் காதோடதான் 17 வருஷம் வாசல்ல நின்னாக. ஒருதடவை கூட சுடல. சுட வேண்டி வரலங்கிறதைத்தான் பெருமையாச் சொல்லுவாக.

அந்த எபிசோடு அப்பாவும் என்கூட உக்காந்துதான் பாத்தாக. மூணாவது வேட்டுக்கு "மடக்கல பாரு"ன்னாக. ஏழாவதுக்கு எந்திரிச்சு உள்ள போய்ட்டாக. அதைப் பாத்துட்டுத்தான் அந்த ரெண்டு வரி போட்டேன், அதுக்குக் கீழ "உங்கப்பனும் இப்படித்தான் பேங்க் வாசல்ல தூங்கியிருப்பாரு"ன்னு எழுதின தம்பி, காரைக்குடி பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. நேர்ல கேளுங்க. வலது பக்கமா உக்காந்து கேளுங்க, இடது பக்கம் கேக்காது.