செடிக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு

தாவர செல்லையும் விலங்கு செல்லையும் ஒப்பிடும் உங்கள் அட்டவணையில், விலங்கு செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, அதற்குப் பதிலாகத்தான் தாவர செல்லுக்கு ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. தாவர செல்லில் இரண்டுமே உண்டு. பாடப்புத்தகப் படத்தில் பசுங்கணிகத்தைப் பெரிதாக, பச்சையாக வரைந்துவிடுவதால் பக்கத்தில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

பச்சைப்பயறைத் துணியில் கட்டி இருட்டில் வைத்தாலும் முளை விடுகிறதே, வெளிச்சமே இல்லாமல் அதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? விதையில் சேர்த்து வைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைத்து, கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்பு மடிப்பான உள்சவ்வில்தான் பெரும்பாலான ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, உருவாகிறது. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கும் இதே கதைதான். பசுங்கணிகமும் ஏடிபி செய்யும், மறுக்கவில்லை, ஆனால் வெளிச்சம் இருக்கும்போது மட்டும், அதிலும் பெரும்பகுதி அங்கேயே சர்க்கரை தயாரிக்கச் செலவாகிவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அமெரிக்க மக்காச்சோளத்தைப் பாருங்கள். மகரந்தம் உண்டாகாத 'டெக்சாஸ்' வகையை வைத்துத்தான் அங்கே கலப்பின விதை தயாரித்தார்கள், ஆண் பூங்கதிரைக் கையால் ஒடிக்கும் வேலை மிச்சம் என்று. அந்தக் குணம் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருந்த ஒரு மரபணுவால் வந்தது. அதே மரபணு உண்டாக்கிய புரதம்தான், ஒரு பூஞ்சையின் நச்சு உள்சவ்வை ஓட்டையாக்க வழிவிட்டது. 1970இல் அந்தப் பூஞ்சையால் வந்த இலைக்கருகல் நோயில் அமெரிக்க விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போனது.

இல்லாத உறுப்பால் இவ்வளவு சேதம் வருமா, சொல்லுங்கள்? அப்புறம், அந்த ஒப்பீட்டு அட்டவணையையும் திருத்திவிடுங்கள், பிள்ளைகள் அப்படியே எழுதி வைத்துக்கொள்வார்கள்.