எட்டு மணி டூட்டி, எட்டேகால் பஸ்

ஈவினிங் டூட்டி எட்டு மணிக்கு முடியும். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எட்டேகாலுக்கு. வார்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தால் பத்து நிமிடம். ஆக, பதினெட்டு நோயாளிகளை நைட் சிஸ்டரிடம் ஒப்படைக்க எனக்கு மிஞ்சுவது ஐந்தே நிமிடம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நர்ஸ் வேலையின் கஷ்டம் என்றாலே சம்பளம், நைட் டூட்டி, நோயாளியின் சொந்தக்காரர்கள் போடும் சத்தம் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் தனிக் கஷ்டம். அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் கொடுப்பது என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு என்னவென்று தெரியாது. ஒவ்வொரு பெட்டாகப் போய் நிற்க வேண்டும். என்ன கேஸ், டிரிப்ஸ் எவ்வளவு பாக்கி, எந்த மருந்து கொடுத்தாயிற்று, எது பாக்கி, காலையில் யாருக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் நோயாளியின் முன்னாலேயே சொல்லி, சார்ட்டைக் காட்டி ஒப்படைக்க வேண்டும். பதினெட்டு பேருக்கு இதை ஒழுங்காகச் செய்தால் அரைமணி நேரம் பிடிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதம். பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு பாட்டி சர்க்கரைக்காக அட்மிட் ஆகியிருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினை நான்தான் போட்டேன். சார்ட்டில் கையெழுத்துப் போடப் போகும்போது மூன்றாம் பெட்டில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்) அடைத்துக்கொண்டது. குளிர்காலத்தில் இங்கே நரம்பு கிடைப்பது லேசில் இல்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துச் சூடேற்றி, கொஞ்சம் காத்திருந்து, அப்புறம்தான் ஊசியை இறக்க முடியும். விரல் ஜில்லிட்டுக் கிடந்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கூடச் சரியாகக் காட்டாது, விரலைத் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவோம். சமவெளியில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இங்கே பத்து நிமிடம் ஆகும். எந்த ரோஸ்டரிலும் (டூட்டி நேரப் பட்டியல்) அந்தப் பத்து நிமிடத்துக்குக் கணக்கு இல்லை.

மணி எட்டு தாண்டிவிட்டது. "மூணாம் பெட்டு வெயினை மட்டும் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு ஓடினேன். இன்சுலின் போட்டதைச் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை. நைட் சிஸ்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். பஸ் போகிற வழியில் டவர் கிடையாது. சரி, போடவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னொரு முறை போட்டுவிட்டார்.

பத்தரை மணிக்குப் பாட்டிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியிருக்கிறது. சுகர் 46க்கு இறங்கிவிட்டது. உடனே டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியதால் பிழைத்தார். மறுநாள் நான் போனபோது எழுந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, "கை இப்படி ஜில்லுனு இருக்கே, நீ முதல்ல டீ குடிம்மா" என்றார். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. கையெழுத்துப் போடாதது என் தவறு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த விசாரணையில் எட்டேகால் பஸ்ஸைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸை விட்டால் ஒன்று ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஊர் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். கரடியும் காட்டுமாடும் நிற்கிற பாதை அது.

மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதை அரசாங்கமே எப்போதோ ஒத்துக்கொண்டிருக்கிறது. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. தூரமும் ஏற்றமும் தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். அந்த யோசனை டூட்டி ரோஸ்டருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

2016ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்காகப் பரிந்துரை கொடுத்தது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்ற வரியை மட்டும் நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். எனக்கு அதுவே வரவில்லை, அது வேறு வேதனை. அதே பரிந்துரையில் வேலை நேரம், போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அரசு நர்ஸ்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரியையும் தோழிகள் படிக்க வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு மாணவி. ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோவில் இரண்டாம் வருடம், கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வந்திருக்கிறாள். டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்துத்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள். போன வாரம் என் பின்னாலேயே ஓடிவந்து, "அக்கா, ரிப்போர்ட்டை இப்படி நடந்துகிட்டேதான் சொல்லணுமா? கிளாஸ்ல பெட் பக்கத்துல நின்னு சொல்லணும்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நைட் டூட்டிக்கு வருகிறவர்கள் ஏழேகால் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுகிறார்கள். அடுத்த பஸ் எட்டு மணிக்கு மேல்தான். யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு எட்டு மணி வரை அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். காலையிலும் இதே கதைதான். டூட்டி மாறும் நேரத்தை ஏழரை என்று வைத்தால் போதும். எட்டு மணி வரை நிதானமாக ரிப்போர்ட் கொடுத்துவிட்டு நாங்கள் பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். ஒரு ஆள் கூடுதலாக வேண்டாம், ஒரு ரூபாய் செலவு இல்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாயால் சொன்னபோது, "எல்லா ஆஸ்பத்திரியிலும் எட்டு மணிதானேம்மா" என்றார். எல்லா ஆஸ்பத்திரிக்கும் எட்டேகால் பஸ் கிடையாதே.

நேற்று எழுத்திலேயே கொடுத்துவிட்டோம். பஸ் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இணைத்து, பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரனிடம் பேசிவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாக இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் சிஸ்டர்கள் உங்கள் டூட்டி நேரத்தையும் கடைசி பஸ் நேரத்தையும் கமெண்டில் எழுதுங்கள். திங்கட்கிழமை கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.