கர்த்தருக்கு மூன்றாம் நினைவூட்டல்

(ஆராதனை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஸ்டெல்லா அக்கா பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்குகிறார். எபி ஒரு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதவுகிற பாவனையில் பக்கத்தில் நிற்கிறான்.)

எபி: அக்கா, ஒரு சந்தேகம். ஆண்டவர் கெடு தவறினா நாம என்ன பண்ணணும்?

அக்கா: கெடுவா? யாரு குடுத்தது?

எபி: நான்தான். பாருங்க, முதல் மாசம் புது வேலை. மூணாம் மாசம் சம்பள உயர்வு. ஆறாம் மாசம் கல்யாணம் நிச்சயம். ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு கட்டம் போட்டிருக்கேன். முடிஞ்சா டிக் அடிக்கணும்.

அக்கா: ஒரு டிக்கையும் காணோமே?

எபி: பதினாலு மாசமா அதான் பிரச்சினை.

அக்கா: அது என்ன சிவப்பு மையில?

எபி: 'நினைவூட்டல் 1', 'நினைவூட்டல் 2', 'இறுதி நினைவூட்டல்'.

அக்கா: அதுக்கும் பதில் வரலைன்னா மேலிடத்துக்கு எழுதுவியோ?

எபி: கிண்டல் பண்ணாதீங்க. நான் வாக்குத்தத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் ஜெபிக்கிறேன். வேதாகமத்துல எரேமியா 29:11. 'எதிர்பார்த்திருக்கும் முடிவை' குடுப்பேன்னு அவரே சொல்லியிருக்கார். நான் எதிர்பார்த்துட்டேதான் இருக்கேன். முடிவுதான் வரல.

அக்கா: பத்தாம் வசனம் சொல்லு.

எபி: எனக்குப் பதினொண்ணுதான் மனப்பாடம்.

அக்கா: பதினொண்ணுக்கு முன்னாடி பத்து வரும். போன்லயே பாரு.

எபி: (தேடுகிறான்) 'பாபிலோனில் எழுபது வருஷம்...' (திரையை அணைக்கிறான்) இது வேற யாருக்கோ எழுதினதுக்கா.

அக்கா: பத்தும் பதினொண்ணும் ஒரே கடுதாசி. பத்து உனக்கு இல்லைன்னா பதினொண்ணும் உனக்கு இல்ல. எருசலேம்லேருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதினது அது. எப்ப ஊர் திரும்புவோம்னு மூட்டையைக் கட்டி வச்சுக்கிட்டு உட்காந்திருந்த ஜனம். அவங்களுக்கு, 'எழுபது வருஷம் ஆகும், ஆனா நான் உங்களை மறக்கல'ன்னு சொல்றார். நாம மறக்கலங்கிறதை மட்டும் வெட்டியெடுத்துச் சுவத்துல மாட்டிட்டோம்.

எபி: கொஞ்சம் குறைச்சுச் சொல்ற தீர்க்கதரிசி யாரும் இல்லையா?

அக்கா: இருந்தான். முந்தின அதிகாரத்துலயே வர்றான், அனனியா. ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவாங்கன்னான்.

எபி: பாருங்க! அவரை ஏன் யாரும் பிரசங்கத்துல சொல்றதில்ல?

அக்கா: அஞ்சாம் மாசம் சொன்னான். ஏழாம் மாசம் செத்துப்போனான்.

எபி: (சற்று மௌனம்) எழுபதே இருக்கட்டும்.

அக்கா: முழுசாக் கேளு. அதே கடுதாசியில அஞ்சாம் வசனத்துல என்ன இருக்கு? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட கனியைச் சாப்பிடுங்க. ஆறுல, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களைப் பெறுங்க. ஏழுல, நீங்க இருக்கிற பட்டணம் நல்லாயிருக்க ஜெபம் பண்ணுங்க. காத்திருக்கிறவனுக்கு எவ்வளவு வேலை பாரு! கையைக் கட்டிக்கிட்டு இருங்கன்னு எங்கேயாவது போட்டிருக்கா? பத்துக்கு மேல அடுக்காதே, சாயும்.

எபி: (பதினோராவது நாற்காலியைக் கீழே இறக்குகிறான்) ஆனா பேதுரு, கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் மாதிரின்னு எழுதியிருக்காரே. அந்தக் கணக்குல என் பதினாலு மாசம் எவ்வளவு வரும்?

அக்கா: அது கணக்குப் போடுறதுக்கு இல்ல. அவர் தாமதிக்கல, ஜனங்க மனந்திரும்பட்டும்னு பொறுமையா இருக்கார்னு சொல்றதுக்கு எழுதினது.

எபி: (ஏற்கெனவே கால்குலேட்டரில்) நூறு செகண்டு! அக்கா, எனக்குப் பதினாலு மாசம், அவருக்கு நூறு செகண்டு!

அக்கா: சொல்லச் சொல்லக் கேக்காம போட்டுட்டான். சரி, நூறு செகண்டுக்கா மூணு நினைவூட்டல்?

(இந்த மாதிரி நோட்டு நிறையப் பேரிடம் உண்டு. எபிக்கு அதை வெளியே எடுக்கத் தைரியம் இருந்தது, அவ்வளவுதான்.)

எபி: அதனாலதான் அடையாளமும் கேட்டேன். கிதியோன் ராத்திரி ஆட்டுத்தோலைக் களத்துல போட்டு, பனி அதுல மட்டும் பெய்யட்டும்னு கேட்டாரே, அந்த மாதிரி. அந்தக் கம்பெனிதான் உம்முடைய சித்தம்னா, நான் போற வழியில ரெண்டு சிக்னலும் பச்சையா இருக்கட்டும்னேன்.

அக்கா: இருந்துச்சா?

எபி: முதல் நாள் ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. அதனால அடுத்த நாள் பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்பினேன்.

அக்கா: ரெண்டும் பச்சை விழற வரைக்கும் நேரத்தை மாத்தி மாத்திப் போனா அதுக்குப் பேரு அடையாளமா? டிராஃபிக் சர்வே. கிதியோன்கிட்ட ஆண்டவர் முன்னாடியே தெளிவாச் சொல்லிட்டார், இஸ்ரவேலைக் காப்பாத்த நீதான் போகணும்னு. தோல் போட்டது சித்தம் தெரியாம இல்ல, நம்பிக்கை பத்தாம. ரெண்டாவது ராத்திரி கேக்கும்போது, கோபப்படாதிரும்னு அவனே கெஞ்சுறான். பயந்தவன் பண்ணின காரியத்தை நாம வழிமுறையா ஆக்கிட்டோம்.

எபி: அப்ப பேசாம நானே ஏதாவது பண்ணிடவா?

அக்கா: என்ன பண்ணுவே?

எபி: வேலை கிடைச்ச மாதிரி எல்லார்கிட்டயும் சாட்சி சொல்லிடலாம். அப்புறம் அவருக்கும் வேற வழியில்ல பாருங்க.

அக்கா: சாராளும் இப்படித்தான் ஆண்டவருக்கு ஒத்தாசை பண்ணினா. ஆண்டவர் வாக்குக் குடுத்து அவ புருஷன் ஆபிரகாம் கிளம்பும்போது வயசு 75. கானான்ல பத்து வருஷம் ஆச்சு, பிள்ளையைக் காணோம். சரி, நம்ம பங்குக்கு ஒரு திட்டம்னு வேலைக்காரி ஆகாரைக் கொண்டுவந்து நிறுத்தினா. இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு 86. வாக்குக் குடுத்த பிள்ளை ஈசாக்கு சாராளுக்குப் பிறக்கும்போது 100. குறுக்கு வழியால அந்தத் தேதி ஒரு நாளாவது முன்னாடி வந்துச்சா?

எபி: இல்ல.

அக்கா: வீட்டுல சண்டை மட்டும் வந்துச்சு. ஆகார் மாசமானதுமே ஆரம்பிச்சது.

எபி: அவங்களாவது பத்து வருஷம் பொறுத்தாங்க.

அக்கா: சவுல் ராஜா ஏழு நாள் பொறுத்தான். அதைக் கேட்டா உனக்கு வயித்தைக் கலக்கும். கில்கால்ல காத்திரு, நான் வந்து பலி செலுத்துறேன்னு தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் பெலிஸ்தர் வந்து கூடுறாங்க. கூட இருந்த ஜனம் ஒவ்வொருத்தனாக் கழண்டுக்கிறான். கடைசியில எண்ணிப் பாத்தா 600 பேர்தான் மிச்சம். ஏழாம் நாளும் வந்துச்சு. சாமுவேலைக் காணோம். கொண்டாங்கடா பலியைன்னு சவுலே செலுத்திட்டான்.

எபி: பாவம், வேற என்ன பண்ணுவான்?

அக்கா: செலுத்தி முடிச்ச கையோட சாமுவேல் வந்து நிக்கிறார்.

எபி: ஐயையோ!

அக்கா: எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு பலி எரியிற நேரம். அதுல ராஜ்யம் நிலைக்காமப் போச்சு. சாக்கும் வச்சிருந்தான், மனசைத் 'துணிஞ்சுக்கிட்டு' செலுத்தினேன்னு. நீயும் கடைசி நாள் சாயங்காலம்தான் துணிவே. கவனிச்சுப் பாரு, முதல் நாள் எவனும் அவசரப்படுறதில்ல.

எபி: அப்ப யார்கிட்டயும் சிபாரிசுகூடக் கேக்கக் கூடாதா?

அக்கா: அதை யாரு சொன்னா? யோசேப்பு கேட்டானே. ஜெயில்ல கூட இருந்த பானபாத்திரக்காரன்கிட்ட, எகிப்து ராஜா பார்வோன்கிட்ட என்னைப் பத்திச் சொல்லுன்னான். கேட்டது தப்பில்ல. அவன் மறந்துட்டான், ரெண்டு வருஷம். யோசேப்பு அதுக்காக ஜெயில் வேலையை விட்டுடல. நோட்டை இப்படிக் குடு. பேனா?

(நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போடுகிறார்.)

அக்கா: இடது பக்கம் 'என் வேலை'. வலது பக்கம் 'அவர் வேலை'. நீ செஞ்சா முடியிறது இடது பக்கம். நீ தலைகீழா நின்னாலும் முடியாதது வலது பக்கம். தேதி இடது பக்கத்துக்கு மட்டும்தான். வலது பக்கம் ஜெபிச்ச தேதியை மட்டும் எழுது, கெடு தேதி எழுதாதே. மாசம் ஒரு தடவை எடுத்துப் பாரு. தினமும் பாக்காதே, விதையைத் தோண்டிப் பாக்கிற மாதிரி ஆயிடும்.

எபி: கேட்டது வராம வேற ஏதாவது வந்தா?

அக்கா: அதையும் எழுது. கேட்டதுக்கு எதிர்க்க டிக் மட்டும் தேடினா, வந்ததைக் கவனிக்காம விட்டுடுவே. அவர் வேலையில என்ன போடலாம்?

எபி: அந்த மேனேஜர் மனசு.

அக்கா: சரி, வலது பக்கம். எப்ப கூப்பிடுவாங்கங்கிறது?

எபி: வலது பக்கம்.

அக்கா: உபவாசம் போட்டியா?

எபி: மூணு நாள்!

அக்கா: இடது பக்கம், முடிஞ்சது. விண்ணப்பம் அனுப்பினது?

(எபி இன்னொரு நாற்காலியை எடுத்து அடுக்கப் போகிறான்.)

அக்கா: நாற்காலியை வை. விண்ணப்பம்?

எபி: டைப் பண்ணி வச்சிருக்கேன்.

அக்கா: எங்கே?

எபி: டிராஃப்ட்ல. ஆண்டவர்கிட்டேருந்து நிச்சயம் வந்ததும் அனுப்பலாம்னு.

அக்கா: எவ்வளவு நாளா?

எபி: (தரையைப் பார்த்து) பதினாலு மாசமா.

அக்கா: அந்த நூறு செகண்டும் அங்கே காத்திருந்தது யாரு, எபி?

எபி: நீங்கதானேக்கா அந்த வசனம் கணக்குப் போடுறதுக்கு இல்லைன்னீங்க?

அக்கா: போனை எடு. அந்த வேலை இன்னும் இருக்கான்னு பாரு.

எபி: இருக்கு. (ஆச்சரியத்துடன்) அக்கா, இன்னும் இருக்கு! இது அடையாளம்தானே?

அக்கா: அனுப்புடா!

(எபி கண்ணை மூடி, உதடு அசைய, கட்டைவிரலால் அமுக்குகிறான். அக்கா இடது பக்கத்தில் தேதி எழுதி டிக் போடுகிறார். எபி போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.)

எபி: இன்னும் பதில் வரலையேக்கா.

அக்கா: போனைக் கவுத்து வச்சுட்டு அந்தக் கடைசி வரிசையை எடுத்துட்டு வா. பத்துப் பத்தா.